வாடகை வீட்டில் நாலாவது ஆள்

அத்தியாயம் 7

தாமரைச்செல்வி கண் விழித்தபோது அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகுதான் ஞாபகம் வந்தது. பத்மாசினி.

முந்தாநாள் சாயங்காலம்தான் செல்வக்குமார் தன் லோடு ஆட்டோவில் அந்த அம்மாளை வாடிப்பட்டியிலிருந்து கூட்டி வந்திருந்தான். வீட்டுக்கு வர வேண்டாம், பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறேன் என்று போனில் சொல்லி, பஸ் ஸ்டாண்டில் நின்றுதான் வண்டி ஏறினாள். இரண்டு நாள் வேலைக்கு எதற்கு இவ்வளவு பெரிய பை என்று செல்வக்குமாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"எந்திரிச்சிட்டியா? பால் காய்ச்சி வச்சிருக்கேன்" என்றாள் பத்மாசினி. குளித்து, தலையைத் துவட்டி முடிந்து, நெற்றியில் நாமக்கோடு இழுத்திருந்தாள். "கொழாய்ல தண்ணி வந்துச்சு. புடிச்சு வச்சிட்டேன்."

"உங்கள யாரும்மா இதெல்லாம் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல. தண்ணி நின்னுருமேன்னு புடிச்சேன்."

தாமரைச்செல்வி முகம் கழுவப் போனாள். தன் அடுப்படியில் இன்னொருத்தி நிற்பதே ஒரு மாதிரி இருந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. அந்த அம்மாளுக்கு உப்பு எங்கே, காபித்தூள் எங்கே என்று யாரும் காட்டத் தேவையே இருக்கவில்லை.

இருக்காதுதான். ஒரு காலத்தில் இது அவளுடைய அடுப்படி. இன்னும் சொன்னால், அரசாங்கக் கணக்கில் இன்றைக்கும் அவளுடையதுதான்.

செல்லூரில் இந்த அரசாங்க வாரியக் குடியிருப்பை இடிக்கப் போகிறார்கள். தூண்களில் கம்பி வெளியே தெரிகிறது. மழை பெய்தால் மாடிப்படியில் காரை பெயர்ந்து விழுகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தரும்வரை வெளியே வாடகைக்கு இருந்துகொள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது. ஆனால் வீடு யார் பெயரில் ஒதுக்கப்பட்டதோ அவர் பெயரில்தான் கொடுப்பார்கள்.

இந்த வீடு பத்மாசினியின் பெயரில் ஒதுக்கியது. அவள் புருஷன் துளசிராம் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது, செல்வக்குமாரின் அப்பா முத்துக்கருப்பனிடம் ரூபாய் வாங்கிக்கொண்டு, பத்திரத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு வாடிப்பட்டிக்குப் போய்விட்டார்கள். வாரிய வீட்டை அப்படி விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அப்போது அதை யாரும் யோசிக்கவில்லை. இன்றைக்குத் துளசிராமும் உயிரோடு இல்லை. முத்துக்கருப்பனும் இல்லை.

செல்வக்குமார் செய்த ஏற்பாடு இதுதான். உதவித்தொகைக்குப் பெயர் பதிய இன்றைக்கு நடக்கிற முகாமுக்குப் பத்மாசினி வர வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். தொகை பாங்கில் ஏறியதும் எடுத்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும். அதற்கு அவள் "சரிப்பா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். எனக்கு என்ன தருவீர்கள் என்று கேட்கவே இல்லை.

அதுதான் தாமரைச்செல்விக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஏதாவது கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அம்மா, நல்லா கேட்டுக்கங்க" என்று செல்வக்குமார் சட்டையை மாட்டியபடியே வந்தான். "கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க. நீங்க இங்கதான் குடியிருக்கீக. எங்களப் பத்திக் கேட்டா, சொந்தக்காரங்க, கூட இருக்காகன்னு சொல்லிருங்க. அம்புட்டுதான்."

"என்ன சொந்தம்னு கேட்டா?"

"தூரத்துச் சொந்தம்."

பத்மாசினி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ ஒரு சாதி, நான் ஒரு சாதி. எம்புட்டு தூரம்பா போவ?"

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பாண்டிமீனா சிரித்துவிட்டாள். எட்டாவது படிக்கிற மகள். அவள் தலைமுடியைக் காலையிலேயே பத்மாசினி எண்ணெய் தேய்த்துப் பின்னி விட்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வாரேன் பாட்டி" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

*

கீழே ஷாமியானா போட்டிருந்தார்கள். மேஜை, லேப்டாப், கைரேகை மிஷின். ஜனங்கள் ஆதார் கார்டை விசிறியாக்கி வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தரைத்தளத்துத் தங்கப்பாண்டி செல்வக்குமாரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். குடியிருப்பில் யாருக்கு எது என்றாலும் முதலில் தெரிவது அவனுக்குத்தான்.

"மாப்ள, சூதானமா இருந்துக்க. காலையில ஒரு வீட்டுக்கு நிப்பாட்டிட்டாக. பேருல ஒரு ஆளு, குடியிருக்கது ஒரு ஆளு. ரெண்டு பேரும் மேஜைக்கு முன்னாடியே சண்ட போட்டுக்கிட்டாக. இப்ப ரெண்டு பேருக்கும் இல்ல."

செல்வக்குமாருக்கு வேர்த்தது. தாமரைச்செல்வி வெறும் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கம்மலை அடகு வைத்துத்தான் புது வீட்டுக்குப் பாதி அட்வான்ஸ் கொடுத்திருந்தாள். நாலு தெரு தள்ளி, செல்லக்கிளி அக்காவின் மாடி வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி. அவள் நைட்டி தைக்கிற கம்பெனிக்கு நடந்தே போய்விடலாம். பாண்டிமீனாவுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டாம். இந்தத் தொகை வராவிட்டால் அந்த வீடும் இல்லை, அதற்கப்புறம் எங்கே என்றும் தெரியாது.

"பத்மாசினி!"

மூன்று பேரும் எழுந்து போனார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு நடுத்தர வயது. தொண்டை கட்டியிருந்தது. ஆதாரை வாங்கிப் பார்த்தாள். முகவரி இதே குடியிருப்பு, இதே கதவு எண். பத்மாசினி அதை மாற்றியதே இல்லை.

"இங்கதான் இருக்கீங்களாம்மா?"

"ஆமா மேடம்."

"இவங்க?"

செல்வக்குமார் வாயைத் திறப்பதற்குள் பத்மாசினி சொன்னாள்: "என் மகன். இவ என் மருமக."

தாமரைச்செல்விக்குக் காதில் விழுந்தது சரியா என்றே சந்தேகம் வந்தது. புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரே கதவு நம்பர்ல ரெண்டு ரேஷன் கார்டு இருக்கே?"

"மருமகளுக்கும் எனக்கும் தனித்தனி அடுப்பு மேடம்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊர் முழுக்க அப்படித்தான் இருக்கு." பிறகு செல்வக்குமாரின் ஆதாரை வாங்கினாள். சிரிப்பு நின்றது. "அப்பா பேர் முத்துக்கருப்பன். உங்க வீட்டுக்காரர் பேர் துளசிராம்னு இருக்கு."

செல்வக்குமார் ஆதாரைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான்.

"வளத்த புள்ள மேடம்" என்றாள் பத்மாசினி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

அதிகாரி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் நம்பினாளா, நம்பாமலேயே விட்டாளா என்பது கடைசிவரை தெரியவில்லை.

"சரி, அது எனக்கு வேண்டாம். ஒதுக்கீடு உங்க பேர்ல. இந்தத் தொகை நீங்க வாடகை வீட்ல இருக்கிறதுக்குக் குடுக்கிறது. புரியுதா? நீங்க இருக்கிறதுக்கு. சொல்ற அட்ரஸுக்கு எங்க ஆள் வந்து பாப்பாங்க. நீங்க அங்க இருக்கணும். இல்லைன்னா தொகையும் நிக்கும், புது வீடும் கேள்விக்குறியாயிடும். எங்க குடி போறீங்க?"

செல்வக்குமார் தடுமாறினான். பத்மாசினி தடுமாறவில்லை. செல்லக்கிளியின் வீட்டுத் தெரு, கதவு எண், மாடி என்று வரிசையாகச் சொன்னாள். முந்தின ராத்திரி சாப்பிடும்போது புருஷனும் பெண்டாட்டியும் பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

"எத்தனை பேர்?"

"நான், மகன், மருமக, பேத்தி. நாலு பேர் மேடம்."

மிஷினில் விரல் வைத்தாள். முதல் தடவை எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

*

வெளியே வந்ததும் செல்வக்குமாருக்கு ஒரே சந்தோஷம். "சாமி, நெஞ்சு நின்னுருச்சு! எம்மா, நீங்க சாதாரண ஆளில்ல. வளத்த புள்ளையாம்ல!" என்று சிரித்தான். சிம்மக்கல்லில் லோடு காத்திருக்கிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான்.

தாமரைச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. படியேறி வீட்டுக்குள் வந்து, விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். பத்மாசினி ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்த டம்ளர்களைப் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள். யாரும் சொல்லாமலே.

"எதுக்கு நாலு பேருன்னு சொன்னீங்க?"

"நாலு பேருதானே?"

"நாங்க மூணு பேரும்மா. நீங்க ஊருக்குப் போகப் போறீங்க."

பத்மாசினி கையிலிருந்த டம்ளரைச் சுற்றி முடித்து, பெட்டிக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க என்னையப் பொய் சொல்லச் சொன்னீங்க. எனக்குப் பொய் பழக்கம் இல்ல. ஆனாலும் சொல்லிட்டேன். இப்ப நான் உங்களோட வந்து இருந்துட்டேன்னு வையி, அது பொய் இல்லாம ஆயிரும். யாருக்கும் பாவம் இல்ல."

தாமரைச்செல்வி எழுந்து விசிறியின் வேகத்தைக் கூட்டினாள்.

"அந்தம்மா சொன்னதக் கேட்டேல்ல? நான் இருக்கிறதுக்குத்தான் சர்க்கார் காசு குடுக்குது. என் பேர்ல வாங்கிட்டு நான் அங்க இல்லைன்னா, அது என்ன காசு?"

"எங்க மாமனார் உங்க வீட்டுக்காரருக்கு ரூவா குடுத்திருக்காக. இந்த வீட்டுக்கு."

"குடுத்தாரு. நான் இல்லைன்னா சொன்னேன்? அந்தக் காசுலதான் அவரு இன்னும் கொஞ்ச நாள் உசுரோட இருந்தாரு. அத மறப்பேனா?" பத்மாசினியின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "எனக்குக் காசு வேணாம் தாமரை. அம்புட்டையும் நீயே எடுத்துக்க. ஒரு பாய் விரிக்கிற எடம் குடு. நான் ஒரு ஓரமா இருந்துக்கிறேன்."

"உங்க மகன் வீடு இருக்குல்லம்மா?"

பத்மாசினி இன்னொரு டம்ளரை எடுத்தாள். "பேப்பர் பத்தாது போலருக்கே" என்றாள்.

இவள் கெஞ்சுகிறாளா, மிரட்டுகிறாளா? நியாயம் பேசுகிறாளா, நம்மை வசமாகப் பிடித்துக்கொண்டாளா? ஒவ்வொன்றாக யோசித்தால் எல்லாமே உண்மை மாதிரி இருந்தது. தாமரைச்செல்வி போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள்.

"என்னாது, கூட வந்து இருக்கப் போறாகளா?" செல்வக்குமாரின் குரலுக்குப் பின்னால் ஹாரன் சத்தம். "முடியவே முடியாது. ஒரு ரூம்புல எங்கிட்டுப் படுக்கிறது? வயசுக்கு வந்த புள்ள இருக்கு."

"அப்ப போகச் சொல்லிரவா?"

"ஏய், இரு இரு. ஆளு வந்து பாப்பாகன்னு சொன்னாகள்ல? காசு ஏற வரைக்கும் ஒண்ணும் சொல்லாத."

"ஏறுனதுக்கு அப்புறம்? இருக்கச் சொல்லிப்புட்டு வெரட்டுறதா?"

அவன் வண்டியை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது.

"எங்க ஆத்தா செத்து எம்புட்டு வருசம் ஆச்சு" என்றான் அவன், சம்பந்தமே இல்லாமல். "காலையில அந்தம்மா என் மகன்னு சொன்னப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு தாமரை. அதுக்காகச் சொல்லல. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீயே பாத்து முடிவு பண்ணு."

போனை வைத்துவிட்டான். எப்போதும் இப்படித்தான். ஆற்றோரம் வரை கூட வருவான், இறங்குகிற நேரத்தில் நீயே இறங்கிக்கொள் என்பான்.

*

மத்தியானத்துக்கு மேல் செல்லக்கிளியின் வீட்டுக்குப் போனாள். சாவி வாங்க வேண்டும். வெள்ளையடிக்கிற ஆளுக்கு நாள் சொல்ல வேண்டும். அதை மட்டும் பேசிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினாள்.

செல்லக்கிளி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வா தாமரை. மூணு பேருதானே? கீழ்வீட்டுக்காரி தண்ணிக்குச் சண்டைக்கு நிக்கிறா. அதான் மறுபடியும் கேட்டுக்கிறேன்."

ஆமா என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"இல்லக்கா. எங்க அத்தை ஒருத்தங்க வருவாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அத்தை! புருஷனைப் பெற்றவள் செத்து, அவள் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கிறது வீட்டில். வாயில் எப்படி வந்தது?

"அத்தையா? இம்புட்டு நாள் சொல்லவே இல்ல? வயசானவங்களா?"

"ஆமாக்கா. ஆனா நல்லா நடமாடுறாங்க. காலையில தண்ணி புடிச்சாங்க, பால் காய்ச்சினாங்க."

செல்லக்கிளி கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "தப்பா நெனைக்காத தாயி. வாடகை வீட்டுக்கு வயசானவுகளக் கூட்டியாரக் கூடாது. நாளப்பின்ன ஒண்ணு ஆச்சுன்னா, என் வாசல்ல வச்சுத்தான் தூக்கணும். அதுக்கப்புறம் அந்த மாடிக்கு எவன் குடி வருவான்? உங்க மூணு பேருக்குன்னா வீடு. நாலாவது ஆளுன்னா அட்வான்ஸத் திருப்பி வாங்கிக்க."

"கொஞ்ச நாளைக்குத்தான்க்கா…"

"கொஞ்ச நாளைக்குன்னு வந்தவுக எவரும் போனதில்ல."

தாமரைச்செல்வி சாவி வாங்காமலே திரும்பினாள். தெருவில் தறிச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. நடக்க நடக்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. பத்மாசினி கூட இருந்தால்தான் அரசாங்கம் காசு தரும். பத்மாசினி கூட இருந்தால் செல்லக்கிளி வீடு தரமாட்டாள். வேறு வீடு பார்க்க நாள் இல்லை. பார்த்தாலும் அங்கேயும் ஒரு செல்லக்கிளி இருப்பாள். இதெல்லாம் பத்மாசினிக்குத் தெரியுமா? தெரிந்தால் என்ன சொல்வாள்? "யாருக்கும் பாவம் இல்ல" என்பாளா?

ஒன்று மட்டும் புரிந்தது. செல்லக்கிளி முடியாது என்றபோது வந்த கோபம், தன் சொந்த மாமியாரை யாரோ வேண்டாம் என்றது போல வந்தது. அது எதற்கு வந்தது என்பதும் புரியவில்லை.

*

வெயில் தாழ்ந்து வீட்டுக்கு வந்தபோது, இரண்டாவது மாடிப் படியில் ஒருவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டை கசங்கி, கண் உள்ளே போயிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"அக்கா, செல்வக்குமார் வீடு இதானே? நான் கிரிதரன். வாடிப்பட்டி. பத்மாசினி அம்மாவோட மகன்."

தாமரைச்செல்வி படியில் நின்றபடியே மூடியிருந்த தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

"அம்மா இங்க இருக்காங்களாக்கா? சொல்லாமக் கொள்ளாம வந்துட்டாங்க. போன் எடுக்க மாட்டேங்குறாங்க. எங்கெங்கயோ தேடிட்டோம். ஸ்வப்னா, என் சம்சாரம், சாப்பிடவே இல்ல. அம்மாவுக்கு வேற போக்கிடம் கெடையாது. பழைய வீடு ஞாபகம் வந்துதான் வந்தேன். கதவத் தட்டுனேன், யாரும் தெறக்கல."

மகன் துரத்திவிட்டிருப்பான், மருமகள் கொடுமை செய்திருப்பாள் என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த மகன் இப்போது எதிரில் நிற்கிறான். இவனைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆனால் பார்த்து எதைத் தெரிந்துகொள்ள முடியும்?

கதவைத் தட்டி, "அம்மா, நாந்தான்" என்றாள். தாழ்ப்பாள் விலகியது.

பத்மாசினி மகனைப் பார்த்தாள். அதிர்ச்சியும் இல்லை, அழுகையும் இல்லை. உள்ளே வா என்று தலையை அசைத்தாள். தாய்க்கும் மகனுக்கும் தங்கள் வீட்டுப் பாஷையில் பேச்சு ஆரம்பித்தது. சௌராஷ்டிரக்காரர்கள் பேசுவதைச் செல்லூரில் தினமும் கேட்பவள்தான் தாமரைச்செல்வி. காய் விலையும் சௌக்கியமும் அரைகுறையாகப் புரியும். இது அந்த மாதிரிப் பேச்சு இல்லை. மெதுவான குரலில், நீள நீளமான வாக்கியங்களாக இருந்தது. இரண்டு இடத்தில் தன் பெயர் மட்டும் காதில் விழுந்தது. ஒரு இடத்தில் "ஸ்வப்னா". அந்தப் பெயர் வந்ததும் கிரிதரன் கையெடுத்துக் கும்பிட்டான். பத்மாசினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்றே தெரியவில்லை.

கடைசியில் கிரிதரன் அவள் பக்கம் திரும்பினான். தமிழில் பேசினான்.

"அக்கா, நீங்கதான் அம்மாவ உங்களோடயே இருக்கச் சொன்னீங்களாம். அம்மா சொல்றாங்க. நெசமா? நீங்க ஆமான்னு சொன்னா நான் போயிடுறேன். இல்லைன்னா இப்பவே பைக்ல கூட்டிட்டுப் போறேன். அவங்க வரமாட்டேன்னு சொன்னாலும் கூட்டிட்டுப் போவேன்."

தாமரைச்செல்வி பத்மாசினியைப் பார்த்தாள். காப்பாத்து என்று கேட்கிற கண்ணா? இல்லை. சொல்லித்தான் ஆகணும் என்று அதட்டுகிற கண்ணா? அதுவும் இல்லை. நீ என்ன சொல்லப் போகிறாய் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிற முகம், அவ்வளவுதான்.

இல்லை என்றால் இந்தச் சுமை இறங்கிவிடும். செல்லக்கிளியின் சாவி கிடைக்கும். ஆனால் ஆள் வந்து பார்க்கும்போது நாலாவது ஆள் இருக்கமாட்டாள். வாடகைக்குக் காசு இருக்காது. ஆமா என்றால் காசு வரும். போக வீடு இருக்காது.

காசுக்காக ஆமா என்கிறோமா, இந்த அம்மாளுக்காகவா? அதை யோசித்து முடிக்க அவகாசம் இல்லை.

"ஆமா தம்பி. நாந்தான் சொன்னேன்."

கிரிதரன் தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துத் தாமரைச்செல்வியிடம் கொடுத்தான். மாத்திரைகள். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டீங்களான்னு கேக்காதீங்க, சாப்பிட்டேன்னுதான் சொல்வாங்க. நீங்க கையில குடுத்து, முழுங்குறதப் பாத்துருங்க."

அம்மாவின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். அவள் அடுத்த டம்ளரை எடுத்துக்கொண்டாள். அவன் வெளியே போனான்.

தாமரைச்செல்வி படி வரை கூடவே போனாள். இரண்டு படி இறங்கியவன் நின்றான்.

"வீட்ட விட்டு எதுக்கு வந்தாங்கன்னு அம்மா உங்ககிட்ட சொல்லிட்டாங்கள்லக்கா?"

இல்லை என்று சொன்னால், ஒன்றும் தெரியாமலா கூட வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்பான். இப்போதுதான் சொன்ன ஆமா பொய்யாகிவிடும்.

"சொன்னாங்க."

கிரிதரனின் முகம் மாறியது. கண் கலங்கிவிட்டது. "தெரிஞ்சுமா சேத்துக்கிறீங்க?" என்றான். அப்புறம், "நீங்க நல்லா இருக்கணும்கா" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டான்.

கீழே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் நிறுத்திக் கேட்கலாமா என்று ஒரு கால் படியில் வைத்தாள். வைத்த காலை எடுத்தாள். தெரியாது என்பதை இனிமேல் எந்த முகத்தோடு சொல்வது?

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பத்மாசினி கடைசி டம்ளரையும் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவன்கிட்ட என்ன கேட்ட?"

"ஒண்ணும் கேக்கலம்மா."

பத்மாசினி பெட்டியின் மூடியை மடக்கி அழுத்தினாள்.

"கேட்டிருக்கலாம்ல" என்றாள்.